ஸ்டீம் ஷவர் போடும் முன்: சுவருக்குள் போகும் குழாய்களின் கணக்கு

வீட்டில் ஸ்டீம் ஷவர் (ஆவி நிரப்பி உள்ளே உட்காரும் சின்ன அறை) வைக்கப் போகிறேன் என்று சொன்னால் எல்லோரும் முதலில் கேட்பது கண்ணாடிக் கதவு எவ்வளவு, டைல்ஸ் என்ன கலர் என்றுதான். குழாயைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் கதவு சரியில்லை என்றால் நாளைக்கே மாற்றிவிடலாம், டைல்ஸுக்குப் பின்னால் போன குழாய் சரியில்லை என்றால் மொத்தத்தையும் உடைக்க வேண்டும். அதனால்தான் இந்தப் பதிவில் கண்ணாடி, லைட், டிசைன் எதுவும் கிடையாது, குழாய் மட்டும்தான்.

இடம் கோயம்புத்தூரில் எங்கள் வீடு. மாடியில் இருக்கும் குளியலறை கீழே கசிந்துகொண்டிருந்ததால் எப்படியும் தரையை உடைத்தாக வேண்டிய நிலை. ஜிம்முக்குப் போய் ஸ்டீம் எடுத்துப் பழகிய என் வீட்டுக்காரி, உடைக்கிறதுதான் உடைக்கிறீங்க, ஒரு மூலையில் அதையும் வெச்சுடுங்க என்றார். மூலையில் 5 அடிக்கு 4 அடி இடம் கிடைத்தது. கொத்தனாரிடம், குழாய் வேலை முடிந்து டெஸ்ட் ஆகும்வரை ஒரு சுவரையும் பூசக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடங்கினேன்.

ஆவி உண்டாக்கும் கருவி பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. ஒரு சின்ன ஸ்டீல் தொட்டி, அதற்குள் ஹீட்டர் காயில், தண்ணீர் மட்டம் பார்க்க ஒரு புரோப், தண்ணீர் விட மின்சாரத்தில் திறந்து மூடும் ஒரு சோலனாய்டு வால்வு. கொதித்த ஆவி ஒரு குழாய் வழியாக அறைக்குள் போகிறது. அந்தக் குழாயின் மறுமுனை திறந்தே இருப்பதால் உள்ளே அழுத்தம் என்று சொல்லும்படி ஒன்றும் ஏறாது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லும் பாதி முடிவுகள் தானாக வந்துவிடும்.

முதலில் அளவு. சீலிங்கை 7 அடி 3 அங்குலத்துக்கு இறக்கினோம், ஏனென்றால் 10 அடி உயரம் விட்டால் சூடான ஆவி முழுக்க மேலே போய் நின்றுகொள்ளும், உட்கார்ந்திருப்பவருக்குக் கால் சில்லென்று இருக்கும். ஆக 5 பெருக்கல் 4 பெருக்கல் 7.25, மொத்தம் 145 கன அடி, மீட்டரில் சொன்னால் 4 கன மீட்டருக்குச் சற்று மேல். நாங்கள் பார்த்த கம்பெனியின் அட்டவணைப்படி செராமிக் டைல்ஸ் சுவருக்கு 6 கிலோவாட் போதும். இதே அறையில் கிரானைட் ஒட்டினால் அடுத்த சைஸுக்குப் போகச் சொல்கிறார்கள். கல் முதலில் தன்னைச் சூடாக்கிக்கொண்ட பிறகுதான் அறையைச் சூடாக விடும், அவ்வளவுதான் காரணம். எனக்கு கிரானைட் ஆசை இருந்தது, கரண்ட் பில்லை நினைத்து விட்டுவிட்டேன்.

அடுத்து தண்ணீர். இதில்தான் கொஞ்சம் நேரம் செலவழித்தேன். 28 டிகிரியில் வரும் ஒரு லிட்டர் தண்ணீரை 100 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 300 கிலோஜூல், அதை ஆவியாக்க இன்னும் 2,257. மொத்தம் 2,560 என்று வைத்துக்கொள்ளலாம். 6 கிலோவாட் ஹீட்டர் ஒரு மணி நேரத்தில் கொடுப்பது 21,600 கிலோஜூல். வகுத்தால் மணிக்கு 8.4 லிட்டர். அதாவது அரை மணி நேர ஸ்டீமுக்கு நாலு லிட்டருக்குச் சற்று மேல் தண்ணீர் போதும். (கோவை கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேலே இருப்பதால் இங்கே தண்ணீர் 100க்கு ஒன்றரை டிகிரி முன்னாலேயே கொதித்துவிடும். கணக்கில் பெரிய வித்தியாசம் வராது.)

நாலு லிட்டர்தானே, எந்தத் தண்ணீராக இருந்தால் என்ன என்று தோன்றும். விஷயம் அளவில் இல்லை. ஷவரில் வரும் உப்புத் தண்ணீர் உடம்பில் பட்டு சாக்கடைக்குப் போய்விடுகிறது, உப்பையும் கூடவே எடுத்துக்கொண்டு. கொதிகலனில் தண்ணீர் மட்டும் ஆவியாகிறது, உப்பு முழுவதும் தொட்டிக்குள்ளேயே தங்குகிறது. எங்கள் போர் தண்ணீரை டிடிஎஸ் மீட்டரில் (கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டுவது) பார்த்தபோது 1,400 காட்டியது. லிட்டருக்கு 1.4 கிராம். வாரத்துக்கு மூன்று முறை, அரை மணி நேரம், முழு வேகத்தில் ஓடினால் வருடத்துக்கு 655 லிட்டர் தண்ணீர் கொதிக்கும், அதில் தங்குவது 900 கிராமுக்கு மேல். எல்லாமே கல்லாகப் படியாது, சோடியம் உப்புகள் கரைந்த நிலையில் இருந்து வடிகாலில் போய்விடும். கால்சியமும் மெக்னீசியமும்தான் ஹீட்டரின் மேல் வெள்ளையாக ஒட்டிக்கொள்ளும். எங்கள் கீசரைக் கழற்றியபோது உள்ளே இருந்ததைப் பார்த்தவர்களுக்கு நான் மேற்கொண்டு சொல்லத் தேவையில்லை.

கோயம்புத்தூரில் பல வீடுகளில் இரண்டு லைன் உண்டு. நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர். எங்கள் வீட்டிலும் மொட்டை மாடியில் இரண்டு தொட்டி, பெரியதில் போர் தண்ணீர், சின்னதில் சிறுவாணிக் குடிநீர். குளியலறைக்கு எப்போதும் உப்புத் தண்ணீர் லைன்தான் போகும், சிறுவாணி சமையலறைக்கும் சாப்பிடும் இடத்து வாஷ்பேசினுக்கும் மட்டும். சிறுவாணியை மீட்டரில் வைத்தால் 40. அதே 655 லிட்டருக்கு வருடம் முழுவதும் 26 கிராம். 900 எங்கே, 26 எங்கே! ஸ்டீமுக்கு நல்ல தண்ணீர் லைனை இழுத்துவிடுவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். குடிக்கிற தண்ணியைக் கொதிக்க வெச்சு வீணடிக்கிறியா என்று அம்மா கேட்டார். வாரத்துக்கு ஒரு குடம்கூட ஆகாது என்று கணக்குக் காட்டிய பிறகு சரி என்றார்.

இதில் ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. பல கருவிகளில் தண்ணீர் மட்டம் பார்க்கும் புரோப், தண்ணீரின் வழியாக மின்சாரம் பாய்கிறதா என்று பார்த்துத்தான் வேலை செய்கிறது. உப்பே இல்லாத ஆர்ஓ தண்ணீரையோ பேட்டரி தண்ணீரையோ விட்டால் தொட்டி நிறைந்திருந்தாலும் காலி என்றே நினைத்துக்கொள்ளும், சோலனாய்டு மூடாது, இல்லையென்றால் ஹீட்டர் ஆன் ஆகாது. அதனால்தான் ஆர்ஓ தண்ணீர் வேண்டாம் என்று மேனுவல்களில் எழுதியிருக்கிறார்கள். சிறுவாணியும் கிட்டத்தட்ட அந்த அளவுக்குச் சுத்தம். நாம் கையில் வைத்திருக்கும் டிடிஎஸ் மீட்டர் உண்மையில் அளப்பது மின்கடத்தலைத்தான், அதைப் பாதியாக்கி டிடிஎஸ் என்று காட்டுகிறது. ஆகவே 40 என்றால் கடத்தல் சுமார் 80 மைக்ரோசீமன்ஸ். எங்கள் மேனுவலில் கொடுத்திருந்த குறைந்தபட்ச அளவுக்கு இது மேலேதான் இருந்தது. தவிர, ஒருமுறை கொதித்ததும் மிச்சத் தண்ணீரில் உப்பு செறிவாகிவிடும், கடத்தல் ஏறிவிடும். வாங்குவதற்கு முன்பே ஒரு பாட்டில் சிறுவாணியைக் கடைக்கு எடுத்துப் போய் டெமோ யூனிட்டில் ஊற்றிப் பார்த்தோம், புரோப் உடனே கண்டுபிடித்தது. கடைக்காரர் என்னைக் கொஞ்சம் விசித்திரமாகப் பார்த்தார், பரவாயில்லை.

பிறகு அழுத்தம். தொட்டியின் அடிப்பாகம் மொட்டை மாடித் தளத்திலிருந்து 4 அடி மேலே. அங்கிருந்து குளியலறைத் தரை 10 அடி கீழே. கருவியின் தண்ணீர் வாய் தரையிலிருந்து 3 அடி. ஆக 11 அடி உயர வித்தியாசம், 3.35 மீட்டர். பத்து மீட்டர் உயரத் தண்ணீருக்கு ஒரு பார் அழுத்தம் என்ற கணக்கில் 0.33 பார்தான் கிடைக்கும், ப்ளம்பர் பாஷையில் மூன்றில் ஒரு கிலோ. மேனுவல் கேட்பது குறைந்தது 1 பார். வெளிநாட்டில் முனிசிபல் லைன் நேராக அழுத்தத்தோடு வீட்டுக்குள் வருவதை வைத்து எழுதிய மேனுவல் அது. நம் ஊரில் மேல்தொட்டியை நம்பி இருக்கும் எந்த வீட்டுக்கும், அதுவும் கடைசி மாடிக்கு, இந்தப் பிரச்சினை கட்டாயம் வரும். சில சோலனாய்டு வால்வுகள் இரண்டு பக்கத்துக்கும் போதுமான அழுத்த வித்தியாசம் இல்லாவிட்டால் முழுதாகத் திறக்கவே திறக்காது, திறந்தாலும் தண்ணீர் மெதுவாக நிரம்பும், கருவி தண்ணீர் இல்லை என்று எர்ரர் காட்டி நின்றுவிடும்.

அதனால் சிறுவாணித் தொட்டியின் வெளிவாயில் ஒரு சின்ன பிரஷர் பம்ப். அழுத்தம் ஒன்றரை கிலோவுக்கு இறங்கினால் ஓடும், 3 கிலோ வந்தால் நிற்கும். கூடவே ரப்பர் டயஃப்ரம் உள்ள சின்ன அழுத்தத் தொட்டி ஒன்று. கருவி ஒரு தடவைக்கு அரை லிட்டர், ஒரு லிட்டர் என்றுதான் தண்ணீர் இழுக்கும், அதற்கெல்லாம் பம்ப் நின்று நின்று ஓடக் கூடாது என்பதற்காக. இன்னொரு லாபமும் உண்டு: சோலனாய்டு சட்டென்று மூடும்போது குழாயில் டொக் என்று அடிக்கும் அதிர்ச்சியை அந்தத் தொட்டி வாங்கிக்கொள்கிறது. சமையலறைக் குழாயும் அதே லைனில் இருப்பதால் அங்கேயும் தண்ணீர் வேகமாக வர ஆரம்பித்தது. குடத்துக் கணக்கைவிட அம்மாவைச் சமாதானப்படுத்தியது இதுதான் என்று நினைக்கிறேன்.

குடிநீர் லைனிலிருந்து கொதிகலனுக்கு இணைப்பு கொடுக்கும்போது ஒன்றை விட்டுவிடவே கூடாது: பின்னோட்டம். யோசித்துப் பாருங்கள், பம்ப் பழுதாகி நின்றிருக்கிறது, லைனில் 0.33 பார்தான் இருக்கிறது, ஏதோ காரணத்தால் ஆவிக் குழாய் அடைத்துக்கொண்டிருக்கிறது. கொதிகலனில் சேஃப்டி வால்வு திறப்பதற்கு முன் 1 பார் வரை ஏறலாம். சோலனாய்டு வால்வு ஒரு திசையில் வரும் தண்ணீரை மட்டுமே நம்பிக்கையாகத் தடுக்கும், எதிர்த் திசையில் தள்ளினால் விட்டுவிடும். கொதிகலனில் சுண்டிய தண்ணீர் சமையலறைக் குழாய்க்கு வர வழி கிடைத்துவிடும். அதனால் மூடித் திறக்க பால் வால்வு, அடுத்து மண் வடிகட்டும் ஒய் ஸ்ட்ரெய்னர், அடுத்து தண்ணீரைத் திரும்ப விடாத என்ஆர்வி, அதற்குப் பின் கழற்றி மாட்ட ஒரு யூனியன், கடைசியாக ஸ்டீல் பின்னல் ஹோஸ் என்று வரிசை வைத்தோம். என்ஆர்வியை மட்டும் ஒன்றுக்கு இரண்டாகப் போட்டேன். இந்த விலைக்கு இதில் கஞ்சத்தனம் காட்டுவதில் அர்த்தமில்லை. குளிர்ந்த தண்ணீர் லைன் என்பதால் குழாய் சிபிவிசி பிளாஸ்டிக்தான், கருவிக்கு அருகே மட்டும் பித்தளை.

இனி ஆவிக் குழாய். எனக்கும் ப்ளம்பர் அண்ணனுக்கும் நடந்த ஒரே பெரிய வாக்குவாதம் இதில்தான். கருவியைக் குளியலறையை ஒட்டிய துணி துவைக்கும் இடத்தில் வைப்பது என்று முடிவாகியிருந்தது. பரணில் வைக்கலாம் என்றும் ஒரு யோசனை வந்தது, ஆனால் ஏணி போட்டு ஏறித்தான் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும் என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். துவைக்கும் இடத்திலிருந்து ஸ்டீம் மூலைக்கு மூன்று மீட்டர். "எல்லாத்தையும் சங்கனுக்குள்ள விட்டுறலாமுங்க சார், வெளிய ஒண்ணும் தெரியாது" என்றார் அண்ணன். சங்கன் என்பது குழாய்கள் போவதற்காகக் குளியலறைத் தரையைத் தாழ்த்தி விடும் பள்ளம். அவருடைய இருபது வருட அனுபவத்தில் எல்லாக் குளியலறையிலும் அப்படித்தான் செய்திருக்கிறார், தண்ணீர்க் குழாய்க்கு அது சரியும்கூட. ஆனால் ஆவிக் குழாய் தரைக்குக் கீழே இறங்கி, சங்கனுக்குள் படுத்து, மறுபடி மேலே ஏறி வந்தால் அது ஒரு யு வளைவு. போகும் வழியில் குளிர்ந்த ஆவி தண்ணீராகி அந்த வளைவில் தேங்கும். பின்னால் வரும் ஆவி அந்தத் தண்ணீரைத் தள்ளித்தான் வெளியே வர வேண்டும், கொப்புளித்துக் கொப்புளித்து வரும், ஒவ்வொரு முறையும் கொதிக்கும் தண்ணீரைக் காலில் துப்பும்.

வாயால் சொன்னபோது அவர் ஏற்கவில்லை. கொத்தனாரின் மட்டம் பார்க்கும் டியூப் அங்கேயே கிடந்தது, அதில் கொஞ்சம் தண்ணீரை விட்டு யு மாதிரி பிடித்துக்கொண்டு ஒரு முனையில் ஊதச் சொன்னேன். மறுமுனையில் புளக்கென்று தண்ணீர் அவர் சட்டையில் அடித்தது. சிரித்துவிட்டார். "அப்ப சரிவுலயே கொண்டுபோகணும், எங்கயும் பள்ளம் விழக் கூடாது, அவ்வளவுதானுங்க?" அவ்வளவுதான். இன்னும் ஒன்று சேர்த்துச் சொன்னேன்: இந்தக் குழாயில் எங்கேயும் வால்வு கிடையாது. வால்வு இருந்தால் என்றைக்காவது ஒருவர் அதை மூடுவார்.

கருவியைக் கடப்பைக் கல் பலகை போட்ட இரண்டடி மேடையில் உட்கார வைத்தோம். ஆவி வெளிவரும் வாய் தரையிலிருந்து மூன்றரை அடி. அங்கிருந்து நேராகக் கீழே இறங்கி, 13 அங்குல உயரத்தில் திரும்பி, மீட்டருக்கு 25 மில்லிமீட்டர் சரிவில் போய், 10 அங்குல உயரத்தில் ஸ்டீம் மூலைக்குள் எட்டிப் பார்க்கிறது. வழியில் குளிரும் தண்ணீர் தானாக ஸ்டீம் மூலையில் இருக்கும் வாயை நோக்கி ஓடிவிடும். சரிவை ரசமட்டம் வைத்து ஒவ்வொரு கிளாம்ப்பிலும் பார்த்தோம், இரண்டு கிளாம்ப்புக்கு நடுவே தொய்வு விழுந்தாலும் அது ஒரு சின்னப் பள்ளம்தான்.

குழாய் எதில் என்பது அடுத்த கேள்வி. யூனிட் விற்ற கடையில், சுடுதண்ணீர் சிபிவிசியே போதும், நாங்கள் எல்லோருக்கும் அப்படித்தான் போடுகிறோம் என்றார்கள். சிபிவிசியின் உச்ச வரம்பு 93 டிகிரி, குழாய்க் கம்பெனிகளே போட்டிருக்கும் அளவு அது. ஆவி 100ஐத் தொட்டுக்கொண்டு வருகிறது. திறந்த முனை, அழுத்தம் இல்லை, கொஞ்ச நாள் தாங்கவும் செய்யும். மெதுவாக இளகித் தொய்ந்தால் சரிவு போயிற்று, ஒட்டின ஜாயின்ட் விட்டால் சுவருக்குள்ளே ஆவி. இன்னொரு பிளாஸ்டிக் வகையான பிபிஆரும் இந்த வேலைக்கு இல்லை. ஜிஐ எனும் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் துருப்பிடித்து டைல்ஸில் செம்மண் கோடு போடும். செம்புதான் சரி.

சரி, செம்புக் குழாய் வாங்கலாம் என்று ஏசி சாமான் கடைக்குப் போனால் அங்கே அளவே வேறு. ஏசி செம்பில் முக்கால் அங்குலம் என்றால் வெளிவிட்டம் முக்கால். ப்ளம்பிங் செம்பில் முக்கால் என்றால் வெளிவிட்டம் ஓர் அங்குலத்தில் எட்டில் ஏழு பங்கு, கிட்டத்தட்ட 22 மில்லிமீட்டர். கருவியின் வாய் முக்கால் அங்குல மரை, அதற்குச் சமமான குழாய்தான் கடைசிவரை போக வேண்டும், நடுவில் எங்கேயும் குறையக் கூடாது. ஏசி செம்பு சுருளாக வருவதால் நேராக்குவதும் சிரமம், சரிவு பிடிக்காது. கடைசியில் ஆஸ்பத்திரிகளுக்கு ஆக்சிஜன் லைன் போடும் ஒரு கான்ட்ராக்டரிடம் 22 மில்லி நேர் குழாய் ஒரு லென்த் கிடைத்தது. விலை சிபிவிசியைவிடப் பல மடங்குதான், ஆனால் மொத்தமே மூன்று சொச்சம் மீட்டர்.

நம் ஊர் ப்ளம்பர்களில் செம்பு ஒட்டுபவர்கள் குறைவு. ஏசி மெக்கானிக்கைக் கூப்பிட்டால் வேலை சுலபம், அவர்களுக்கு பிரேசிங் (சூடாக்கி உலோகத்தை உருக்கி ஒட்டுவது) தினசரி வேலை. சில்வர் ராடு வைத்து எல்போக்களை ஒட்டிக் கொடுத்தார், இரண்டு முனையையும் அடைத்து நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவிப் பார்த்தார். ஜாயின்ட் எதிலும் குமிழ் இல்லை, மறுநாளும் கேஜ் முள் அதே இடத்தில் நின்றது. ஸ்டீம் வாய் மாட்டும் இடத்தில் மட்டும், சுவரில் ஸ்க்ரூ போட்டு இறுக்கும் காது வைத்த பித்தளை எல்போ. இது முக்கியம், ஏனென்றால் டைல்ஸ் ஒட்டிய பிறகு வாயைத் திருகி மாட்டும்போது எல்போ கூடவே சுழன்றால் உள்ளே இருக்கும் ஜாயின்ட் முறுகும்.

செம்பு சூட்டில் நீளும். மூன்று மீட்டருக்கு 70 டிகிரி ஏறினால் மூன்றரை மில்லிமீட்டர். சிமெண்ட்டில் இறுகப் புதைத்தால் அந்த மூன்றரை மில்லி எங்கேயாவது டைல்ஸைப் பெயர்க்கும். அதோடு காப்பும் வேண்டும். வெறும் குழாயாக விட்டால் என் கணக்கில் மீட்டருக்கு 50 வாட் அளவில் சூடு வீணாகும், தேங்கும் தண்ணீரும் அதிகம். ஏசிக்குச் சுற்றும் கறுப்பு நைட்ரைல் ஸ்பாஞ்சின் வரம்பு 105 டிகிரி பக்கம், விளிம்பில் இருக்கிறது, அதனால் ஃபாயில் ஒட்டிய கண்ணாடிக் கம்பளிக் குழல் 25 மில்லி கனத்தில் வாங்கினேன். குழாயும் காப்பும் சேர்ந்தால் விட்டம் 72 மில்லி. நாலரை அங்குலச் சுவரில் அவ்வளவு ஆழம் காடி எடுத்தால் சுவரில் மிச்சம் ஒன்றும் இருக்காது. அதனால் காடி எடுக்காமல் சுவரை ஒட்டி முழங்காலுக்குக் கீழே ஒரு திட்டு கட்டி, அதற்குள் குழாயைத் தளர்வாக விட்டோம். திட்டின் மேல் இப்போது ஷாம்பூ, சோப்பு எல்லாம் உட்கார்ந்திருக்கின்றன. மூடும் முன் டேப்பை விரித்துப் பிடித்து போட்டோ எடுத்து வைத்தேன், பின்னால் யாராவது அங்கே ஆணி அடிக்க நினைத்தால் காட்டலாம்.

ஸ்டீம் வாயின் இடத்துக்கு ஒரே விதிதான்: உட்காருபவரின் கால் அங்கே போகக் கூடாது. 10 அங்குல உயரம், உட்காரும் திண்ணைக்கு எதிர்ப்பக்கம், துளை கீழே பார்த்தபடி. அறை 43, 45 டிகிரிதான் இருக்கும், ஆனால் வாயிலிருந்து வெளிவரும் ஆவி கொதிநிலையில் இருக்கிறது. அறைச் சூட்டைப் பார்க்கும் சென்சாரை வாய்க்கும் கதவுக்கும் தூரமாக, நாலரை அடி உயரத்தில் வைத்தோம், அதற்கான ஒயர் குழாயும் திட்டு கட்டும்போதே போட்டாயிற்று. ஆவிக் குழாய் வாட்டர்ப்ரூஃபிங் படலத்தைத் துளைத்து வரும் இடத்தில் சூடு தாங்கும் சிலிக்கானை நிறையவே விட்டேன். அங்கே ஒரு இடுக்கு இருந்தால் ஆவி சுவருக்குள் புகுந்து அடுத்த அறை பீரோவுக்குப் பின்னால் பெயின்ட் உப்பும்.

வடிகால் விஷயம் சுருக்கமாக. கருவிக்கு இரண்டு வெளிக்குழாய் உண்டு, இரண்டையும் ஒன்றாக இணைக்கவே கூடாது. ஒன்று, வேலை முடிந்ததும் தொட்டியைக் கழுவி விடும் குழாய். புவியீர்ப்பில்தான் வடிய வேண்டும், மேடை கட்டியதற்கு அதுவும் ஒரு காரணம். கொதித்த தண்ணீரை உடனே விட்டால் கீழே இருக்கும் பிவிசி சாக்கடைக் குழாய் இளகிவிடும், எனவே ஒரு மணி நேரம் ஆறிய பிறகு திறக்கும்படி செட்டிங் வைத்தேன். வாஷிங் மெஷின் தண்ணீர் போகும் ஃப்ளோர் ட்ராப்பில்தான் இதுவும் விழுகிறது, குழாயை உள்ளே நுழைக்காமல் ஜல்லடைக்கு இரண்டு அங்குலம் மேலேயே நிறுத்தியாயிற்று, சாக்கடை ஏதும் மேலே இழுபடாமல் இருக்க. இரண்டாவது, சேஃப்டி வால்வின் குழாய். இதுவும் செம்புதான், வால்வின் வாய் அளவிலேயே, தரைக்கு ஓரடி மேலே கீழ்நோக்கி நிற்கும். முனையில் மரை கிடையாது. மரை இருந்தால், சொட்டுகிறதே என்று ஒருநாள் யாராவது மூடி போட்டு அடைத்துவிடுவார்கள்.

ஷவர் பக்கம் சொல்ல அதிகம் இல்லை. ஆறு ஜெட் வைத்த பேனல், பெரிய மழை ஷவர் எல்லாம் காட்டினார்கள். 7 அடி உயரத்தில் எங்கள் உப்புத் தண்ணீர் லைனில் 0.2 பார்தான் இருக்கும், அதற்கு இன்னொரு பம்ப் வேண்டும். சாதாரணக் கை ஷவரும் ஒரு மிக்ஸரும் போதும் என்று நிறுத்திக்கொண்டேன். சிபிவிசி எல்லாவற்றையும் டெஸ்ட் பம்ப் போட்டு 10 கிலோவில் ஒரு இரவு நிறுத்தி வைத்தோம். கரண்டுக்கு, மூன்று பேஸ் இருந்ததால் பேஸுக்கு 2 கிலோவாட் என்று பிரித்துக்கொண்டோம், மிகையாக மின்சாரம் பாய்ந்தால் துண்டிக்கும் தனி எம்சிபி, மின்கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி. ஒரே பேஸில் என்றால் 26 ஆம்பியர், பழைய ஒயரிங் தாங்குமா என்று பார்க்காமல் கொடுக்காதீர்கள். சீலிங்கைச் சமமாக விடாமல் பின் சுவரை நோக்கிச் சரித்தோம், இல்லையென்றால் குளிர்ந்த துளிகள் தலையில் சொட்டும்.

முதல் தடவை ஓட்டியபோது ஆவி வர ஐந்தாறு நிமிடம் பிடித்தது, பத்து நிமிடத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரியவில்லை. வாயிலிருந்து ஆரம்பத்தில் நாலு சொட்டுச் சுடுதண்ணீர், பிறகு சீராக ஆவி, கொப்புளிக்கும் சத்தம் இல்லை. ப்ளம்பர் அண்ணன் வந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு, அடுத்த வீட்டு வேலைக்கும் செம்புதான் சொல்லப் போறேனுங்க என்றார். ஒரு மாதம் கழித்து ஸ்ட்ரெய்னரைத் திறந்தால் ஒரு சிட்டிகை மணல், சிறுவாணித் தொட்டியின் அடியில் பழைய வண்டல் இருந்திருக்கிறது. அதற்குப் பின் தொட்டியைக் கழுவிவிட்டோம்.

சென்னையிலோ வேறு ஊரிலோ இரண்டாவது நல்ல தண்ணீர் லைன் இல்லாதவர்கள் என்ன செய்வது என்று கேட்பீர்கள். சாஃப்ட்னர் வைத்தால் கால்சியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை வைக்கும், டிடிஎஸ் எண் குறையாது, ஆனால் கல் படிவது பெருமளவு நிற்கும். ஒவ்வொரு முறையும் தொட்டியைக் கழுவிவிடும் செட்டிங் மட்டும் கட்டாயம் ஆனில் இருக்கட்டும், இல்லாவிட்டால் உப்பு செறிந்து நுரைத்து ஆவியோடு தண்ணீரும் தெறிக்கும். சில கம்பெனிகள் சாஃப்ட்னர் தண்ணீரையே வேண்டாம் என்கின்றன, வாங்கும் முன் மேனுவலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். ஆர்ஓ தண்ணீர்தான் இருக்கிறது என்றால் புரோப்புக்குப் பதில் மிதவை சுவிட்ச் வைத்த மாடல் கிடைக்கிறதா என்று பாருங்கள், அல்லது ஆர்ஓவில் கொஞ்சம் போர் தண்ணீரைக் கலந்து மீட்டரில் 100 பக்கம் வரும்படி வைத்துக்கொள்ளலாம். எதுவாக இருந்தாலும் கருவிக்கு மேலே அதைத் திறந்து ஹீட்டரை வெளியே உருவ இடம் விடுங்கள். எங்கள் மேடைக்கு மேலே ஒரு ஷெல்ஃப் வைக்க வீட்டில் இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், நான் விடுவதாக இல்லை.